சும்மாட்டிலிருந்து சக்கரத்துக்கு: நம் ஊர்ப் பயணப் பெட்டியின் கதை



பள்ளி விடுமுறை நெருங்கும்போதும், பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பும்போதும் நம் வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "ட்ராலி பெட்டி வாங்கணுமுங்க, ரெண்டு சக்கரமா, நாலு சக்கரமா?" பதில்களும் தவறாமல் வரும். ஒருவர் ஒரு பிராண்டைச் சொல்வார், இன்னொருவர் அதே பிராண்டின் கைப்பிடி கழன்று வந்த கதையைச் சொல்வார், மூன்றாமவர் தள்ளுபடி லிங்க் அனுப்புவார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. பயணச் சுமை எப்படி இருக்க வேண்டும் என்பதை எந்தக் காலத்திலும் கடைக்காரர் முடிவு செய்ததில்லை. அதை யார் தூக்குகிறார், எந்தத் தரையின் மேல் அது போகிறது என்ற இரண்டும்தான் முடிவு செய்திருக்கின்றன. தலையில் சுமந்த காலத்தில் ஒரு வடிவம், ரயில் வந்தபோது ஒரு வடிவம், பஸ் வந்தபோது இன்னொன்று. இன்றைய சக்கரப் பெட்டியும் அதே வரிசையில் வந்ததுதான்.

மூட்டை முடிச்சு

நம் பேச்சிலேயே இந்த வரலாறு ஒளிந்திருக்கிறது. "மூட்டை முடிச்சோடு கிளம்பிட்டாங்க" என்கிறோம். இது தலைச்சுமைக் காலத்துச் சொல். துணியை விரித்து, பொருளை வைத்து, நான்கு முனைகளையும் முடிந்தால் மூட்டை. அதற்குக் கைப்பிடி தேவையில்லை, ஏனென்றால் கையில் பிடிக்கப்போவதில்லை. தலையில் வைக்கத் துணியைச் சுருட்டிச் சும்மாடு ஒன்று போதும். எடை நேராகக் கழுத்தெலும்பு, முதுகெலும்பு வழியாக இறங்கும். இரு கைகளும் வீசி நடக்க ஓய்வாக இருக்கும். தோளில் சுமப்பவர்களுக்குக் காவடி: ஒரு கம்பு, இரு முனையிலும் சம எடை. பழனிக்குப் பாதயாத்திரை போகும் நம் பகுதி பக்தர்கள் தோளில் சுமக்கும் காவடியும், அடிப்படையில் சுமையைச் சமன் செய்யும் அதே ஏற்பாடுதான்.

தலையில் சுமப்பவருக்கு ஒரே ஒரு சிக்கல். தானாக இறக்கி வைக்கவும் முடியாது, தானாக ஏற்றிக்கொள்ளவும் முடியாது. யாராவது கை கொடுக்க வேண்டும். ஆள் இல்லாத வழியில் என்ன செய்வது? அதற்கு நம் முன்னோர் கண்ட தீர்வு சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகப் போட்டு, ஏறக்குறைய தோள் உயரத்தில் அமைத்தார்கள். நடந்து வருபவர் அதன் அருகே நின்று சுமையை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு இளைப்பாறலாம். பிறகு அதே உயரத்திலிருந்து தலைக்கு மாற்றிக்கொண்டு போகலாம். பிள்ளைப்பேற்றுக்கு முன்பே, வயிற்றில் குழந்தையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகக் குடும்பத்தார் சுமைதாங்கி நடுவது தமிழ்நாடு முழுவதும் இருந்த வழக்கம். இறக்கி வைக்காத சுமையோடு போனவளின் பெயரால், வழிப்போக்கரின் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம். பழைய சாலையோரங்களில் இப்போதும் சில கற்கள் நிற்கின்றன. சாலையை அகலப்படுத்தும்போது பல காணாமல் போயின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பயணிக்கு வசதி செய்வது பயணியின் வேலை மட்டும் இல்லை, வழியின் வேலையும்தான் என்று அன்று கருதினார்கள். இந்த எண்ணத்தைக் கட்டுரை முடியும்போது மறுபடி எடுத்துக்கொள்கிறேன்.

உமணர் வண்டியின் உதிரி அச்சு

பெரிய சுமைக்குச் சக்கரம் என்பது நமக்குப் புதிதே இல்லை. கடற்கரையிலிருந்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்த உமணர்களைப் பற்றிச் சங்க இலக்கியம் நிறையவே பேசுகிறது. புறநானூற்றின் 102ஆம் பாடல், தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. வண்டியில் பாரம் அதிகம், மாடுகளோ இளையவை, வழியில் பள்ளமும் வரும், மேடும் வரும். எங்கே என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று எண்ணி, உமணர்கள் வண்டியின் அடியில் உதிரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அந்த உதிரி அச்சைப் போன்றவன் இவன் என்று தலைவனைப் புகழ்கிறார் ஔவையார். அதற்குச் சேம அச்சு என்று பெயர். இன்றைய ஸ்டெப்னியின் முன்னோர் தருமபுரிப் பக்கத்து அரசன் ஒருவனுக்கு உவமையாக இருந்திருக்கிறார்!

நம் கொங்குப் பகுதி அந்தக் காலத்திலேயே பெருவழி ஓடிய நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான் அகலமான, தாழ்வான இடைவெளி. மேற்குக் கரையில் இறங்கிய சரக்கு அதன் வழியாக உள்ளே வந்து, நொய்யல் கரையை ஒட்டிக் கரூர் நோக்கிப் போனது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழ்ந்தபோது மணிக்கல் வேலைப்பாடும் இரும்புத் தொழிலும் நடந்த தடயங்கள் கிடைத்தன. போத்தனூரை அடுத்த வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து பலமுறை ரோமானியக் காசுக் குவியல்கள் கிடைத்திருக்கின்றன. இன்று நாம் கொச்சி விமான நிலையத்துக்குக் காரில் போகும் வழி ஏறக்குறைய அதே கணவாய் வழிதான். சரக்கு மாறியிருக்கிறது, வழி மாறவில்லை.

மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் அத்தனை பெரிது என்று யோசித்திருக்கிறீர்களா? அழகுக்காக அல்ல. சக்கரம் பெரிதாக இருந்தால்தான் பள்ளத்தில் விழாமல், கல்லில் மோதி நிற்காமல் ஏறிப் போகும். இதன் கணக்கைப் பின்னால் பார்ப்போம். ட்ராலி வாங்குகிறவர்களுக்கு மிகவும் வேண்டிய கணக்கு அது.

பெட்டி படுக்கை

அடுத்த சொல் "பெட்டி படுக்கை". இது ரயில் கொண்டுவந்த சொல். சென்னை ராயபுரத்திலிருந்து 1856இல் புறப்பட்ட ரயில் பாதை, சேலம் வழியாக 1862இல் போத்தனூரைத் தொட்டு மேற்குக் கரைக்குப் போனது. கோவை ஊருக்குள் ரயில் வந்தது அதற்குப் பிறகுதான். போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873இல் போட்ட கிளைப் பாதை நமக்கு ஸ்டேஷனைத் தந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899இல் ஏறியது; 1908இல் ஊட்டியை அடைந்தது.

ரயில் பயணிக்குத் தகர ட்ரங்க் பெட்டி வந்தது. கூடவே படுக்கையைச் சுருட்டி வாரால் கட்டும் ஹோல்டால். இரண்டும் கனமானவை. ட்ரங்க் பெட்டி காலியாகவே நல்ல எடை இருக்கும். ஆனால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, காரணம் அதைப் பயணி தூக்கவில்லை. சிவப்புச் சட்டையும், கையில் பித்தளை வில்லையும் அணிந்த போர்ட்டர் தூக்கினார். தலைக்குச் சும்மாடு கட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு பெட்டி, தோளில் ஒரு பை. பெட்டிக்குப் பலம் வேண்டும், அடுக்க வசதியாகச் சதுரமாக வேண்டும், பூட்டு வேண்டும். லேசாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தூக்குகிறவர் பெட்டி வாங்கக் கடைக்குப் போகவில்லையே!

தூக்கும் கைக்குக் கொடுக்கும் காசு கூலி. அந்தத் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் ஆளையே குறிக்கும் சொல்லாகிவிட்டது என்று பலர் கருதுகிறார்கள். குஜராத்துப் பக்கத்து ஒரு சமூகத்தின் பெயரிலிருந்து வந்தது என்ற கருத்தும் உண்டு. எப்படியானாலும், வேலைக்கான ஊதியத்தின் பெயர் மனிதரின் பெயராகிப்போனது பெருமைக்குரிய விஷயம் இல்லை. 2016 ரயில்வே பட்ஜெட்டில் இனி அவர்களைச் 'சஹாயக்', அதாவது உதவியாளர், என்று அழைப்பதாக அறிவித்தார்கள்.

"மேலே ஏத்துங்க!"

ரயில் போகாத ஊர்களுக்குப் பஸ் போனது. நம் ஊரில் பஸ் வரலாறு என்றால் ஜி.டி. நாயுடுவைச் சொல்லாமல் நகர முடியாது. 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி – பழனி வழித்தடத்தில் அவர் தொழிலைத் தொடங்கினார். அது பெருகி யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாயிற்று. பின்னர் 1972இல் சேரன் போக்குவரத்துக் கழகம் வந்தது. வயதில் மூத்தவர்களுக்குச் சேரன் பஸ் என்ற பெயரே இன்னும் வாயில் வரும்.

பஸ்ஸின் கூரைமேல் கம்பி கட்டிய கேரியர், பின்பக்கம் ஏணி. சந்தைக்குப் போகும் காய்கறி மூட்டை, தேங்காய் மூட்டை, சைக்கிள் எல்லாம் மேலே. பயணியின் பெட்டியும் அதோடு போகும். கீழிருந்து ஒருவர் தூக்கிக் கொடுக்க, மேலிருந்து ஒருவர் இழுப்பார். ஆகவே பஸ் காலத்துப் பெட்டிக்கு நல்ல கைப்பிடி வேண்டும், கயிறு கட்ட இடம் வேண்டும், மழை தாங்க வேண்டும். உள்ளே கொண்டுபோகிற சாமானுக்கு ஒயர் கூடை, ரெக்சின் பை, தூக்குப்போசி, மஞ்சப்பை. உயரமான படி, குறுகலான வாசல், நடுவில் நெரிசல். இங்கே நெகிழ்ந்து கொடுக்கும் பைதான் பிழைக்கும். இன்றைக்கும் காந்திபுரத்திலோ உக்கடத்திலோ சாதாரண பஸ்ஸில் பெரிய பெட்டியோடு ஏறிப் பாருங்கள். அந்தப் படிகள் எந்தச் சக்கரத்துக்கும் மரியாதை கொடுப்பதில்லை.

சக்கரம் எங்கிருந்து வந்தது?

பெட்டியின் அடியில் சக்கரம் வைக்கும் யோசனை அங்கங்கே பலருக்கு முன்பே தோன்றியிருக்கிறது. ஆனால் வியாபாரமாக வென்றது பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கருடையது. அவர் ஒரு பெட்டித் தயாரிப்பு நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்தவர். 1970இல் அரூபா தீவில் விடுமுறை முடிந்து குடும்பத்தோடு திரும்பும் வழியில், விமான நிலையத்தில் இரண்டு பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திணறினார். அங்கே ஒரு தொழிலாளி கனமான இயந்திரம் ஒன்றைச் சக்கரப் பலகையில் வைத்துச் சிரமமில்லாமல் தள்ளிக்கொண்டு போவதைக் கண்டார். ஊர் திரும்பியதும் பெட்டியில் நான்கு சிறு சக்கரங்களைப் பூட்டி, ஒரு வார் கட்டி இழுத்துப் பார்த்தார். 1972இல் காப்புரிமை கிடைத்தது. நிலவுக்கு மனிதன் போய்வந்தது 1969 என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

இன்னும் வேடிக்கை, கடைக்காரர்கள் அதை வாங்க மறுத்ததுதான். ஆண்கள் பெட்டியை உருட்ட மாட்டார்கள், மனைவியின் பெட்டியையும் அவர்களே தூக்குவார்கள், அதுதான் ஆண்மை என்று நினைத்தார்களாம். சாடோவே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். பெண்கள் தனியாகப் பயணம் போவது கூடக்கூட அந்த நினைப்பு உதிர்ந்தது. திருப்பூரில் வேலைக்கும், கோவைக் கல்லூரி விடுதிகளுக்கும் தனியாக வந்து இறங்கும் நம் பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போது, சக்கரம் அவர்களுக்குக் கொடுத்தது வசதி மட்டுமல்ல என்று தோன்றுகிறது. பெட்டியைத் தூக்க ஓர் ஆண் துணை வேண்டும் என்ற ஒரு சாக்கை அது இல்லாமல் செய்தது.

சாடோவின் பெட்டியை வாரால் இழுத்தபோது அது ஆடியது, சாய்ந்தது. 1987இல் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானி ராபர்ட் பிளாத் அதைத் திருத்தினார். பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் இரண்டு சக்கரம், உள்ளே மடங்கும் நீண்ட கைப்பிடி. சாய்த்து இழுக்க வேண்டியதுதான். முதலில் விமானப் பணியாளர்கள் வாங்கினார்கள். அவர்கள் விமான நிலையத்தில் விறுவிறுவென்று நடப்பதைப் பார்த்த பயணிகள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். நான்கு பக்கமும் சுழலும் சக்கரங்கள் கொண்ட பெட்டி அதற்கும் பிறகு வந்தது.

இந்த மூன்றும் பிறந்த இடம் எது என்று பாருங்கள்: வழவழப்பான விமான நிலையத் தரை. இந்தியாவில் 1970களிலிருந்து வி.ஐ.பி., சஃபாரி போன்ற பெயர்களில் வார்ப்புப் பிளாஸ்டிக் சூட்கேஸ்கள் பரவி, ட்ரங்க் பெட்டியைப் பரணுக்கு அனுப்பின. ஆனால் சக்கரம் எல்லா வீட்டுக்கும் வந்தது 1990களுக்குப் பிறகுதான். நமக்கு அறிவு இல்லாமல் தாமதமாகவில்லை. தூக்க ஆள் இருந்தார், உருட்டத் தரை இல்லை. அவ்வளவுதான்.

தரை வந்ததும் ஆளுக்கு வேலை குறைந்தது. 2008 ரயில்வே பட்ஜெட்டில், உரிமம் பெற்ற போர்ட்டர்களைத் தண்டவாளப் பராமரிப்புப் பணியில் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார்கள். பலர் அப்படிப் போனார்கள். மீதமிருப்பவர்கள் இன்றும் நடைமேடையில் நிற்கிறார்கள். முதியவர்களோடு, இரண்டு மூன்று பெட்டிகளோடு பயணம் போகும்போது அவர்களை அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூலியை முன்பே பேசிக்கொண்டு, சொன்னதைக் கொடுத்தால் இருவருக்கும் நிம்மதி.

சின்னச் சக்கரத்தின் கணக்கு

இப்போது அந்தக் கணக்கு. நம் குடியிருப்பில் ஓய்வு பெற்ற பொறியாளர்கள் நிறைய, சரிபார்த்துக்கொள்ளட்டும்.

தரையில் 1 செ.மீ. உயரத்தில் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேவர் பிளாக் ஒன்று எழும்பி நிற்பது போல. சக்கரத்தின் மேல் இறங்கும் எடை 20 கிலோ. நின்ற நிலையிலிருந்து நேர்கிடையாக இழுத்து அதை ஏற்ற வேண்டும்.

சக்கரத்தின் விட்டம் 5 செ.மீ. என்றால் ஏறக்குறைய 27 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும். தூக்கிவிடுவதே சுலபம்! விட்டம் 8 செ.மீ. என்றால் சுமார் 18 கிலோ. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள மாட்டு வண்டிச் சக்கரம் என்றால் மூன்றே கால் கிலோ போதும். இன்னொன்று: விளிம்பின் உயரம் சக்கர விட்டத்தில் பாதியை எட்டிவிட்டால், நேர்கிடையாக எவ்வளவு இழுத்தாலும் சக்கரம் ஏறாது. 5 செ.மீ. சக்கரத்துக்கு இரண்டரை செ.மீ. விளிம்பே மதில் சுவர்தான்.

நடைமுறையில் நாம் வேகத்தோடு வருகிறோம், கொஞ்சம் தூக்கியும் விடுகிறோம், ஆகவே சமாளிக்கிறோம். இரண்டு சக்கரப் பெட்டியைச் சாய்த்து இழுக்கும்போது நம் இழுப்பு மேல்நோக்கிச் சாய்வாக இருப்பதால் சக்கரம் விளிம்பில் ஏற அது உதவுகிறது. நான்கு சக்கரப் பெட்டியை நிமிர்த்தித் தள்ளும்போது அந்த உதவி இல்லை. முன்சக்கரம் மாட்டிக்கொண்டால் பெட்டி குப்புறக் கவிழும். உமணர்களுக்கு இந்தச் சூத்திரம் தெரியாது, ஆனால் விஷயம் தெரிந்திருந்தது.

வாங்குவதற்கு முன்

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என் பயணத்திலேயே மோசமான 200 மீட்டர் எது என்பதே. கடையின் டைல்ஸ் தரையில் எல்லாப் பெட்டியும் நடனமாடும்.

*ரயிலும் பஸ்ஸும்தான் அதிகம் என்றால்,* இரண்டு சக்கரப் பெட்டி நல்லது. சக்கரம் பெரிதாகவும் உடம்புக்குள் பாதி புதைந்தும் இருக்கும்; இடித்தால் உடையாது. ஓடும் ரயிலிலும் பஸ்ஸின் அடிப்பெட்டியிலும் தானாக உருண்டு ஓடாது. நான்கு சக்கரம்தான் வேண்டும் என்றால், இரட்டைச் சக்கரங்களாக, விட்டம் பெரிதாக இருப்பதைப் பாருங்கள். கரடுமுரடான இடத்தில் அதையும் சாய்த்து இரண்டு சக்கரத்தில் இழுப்பதே நல்லது.

*அளவு.* ரயில்வே விதிப்படி பெட்டிக்குள் எடுத்துச் செல்லும் சூட்கேஸ் பொதுவாக 100 × 60 × 25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஏ.சி. மூன்றடுக்கிலும் ஏ.சி. சேர் காரிலும் 55 × 45 × 22.5 செ.மீ. மட்டுமே. பலருக்கு இது தெரியாது. எடையில் ஸ்லீப்பருக்கும் ஏ.சி. மூன்றடுக்குக்கும் 40 கிலோ, ஏ.சி. இரண்டடுக்குக்கு 50 கிலோ இலவசம். விதி ஒரு பக்கம் இருக்கட்டும். நீள அகலத்தைவிடக் கனத்தைக் கவனியுங்கள். சக்கரத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள். தடிமனான பெட்டி பெர்த்துக்கு அடியில் நுழையாமல் நடைவழியில் நின்றுவிடும். இரவு முழுக்க எல்லோரும் அதில் இடித்துக்கொள்வார்கள்.

*காலி எடை.* சக்கரம் உருட்டும், தூக்காது. 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய கோவை – சென்னை வந்தே பாரத் ரயிலில் இருக்கைதான், பெர்த் கிடையாது. பெட்டியைத் தலைக்கு மேல் உள்ள தட்டில் ஏற்ற வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்கள் கடையிலேயே காலிப் பெட்டியைத் தலை உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். காலியாகவே சிரமம் என்றால் அந்தப் பெட்டி உங்களுக்கு வேண்டாம். ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சின்னப் பெட்டி நல்லது. உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோவும், கையில் 7 கிலோவும்தான். அந்த 15இல் பெட்டியே 4 கிலோ தின்றுவிட்டால் கணக்குப் பாருங்கள். அமெரிக்கா போகும் மகளுக்கு டேபிள் டாப் கிரைண்டர் கொடுத்தனுப்பும் வீடுகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

*விமானம்தான் அதிகம் என்றால்,* நான்கு சக்கரம் உண்மையிலேயே சுகம். சிங்கப்பூருக்கோ ஷார்ஜாவுக்கோ நம் பீளமேட்டிலிருந்து ஏறுபவர்களுக்கும், கொச்சி, பெங்களூரு போய் ஏறுபவர்களுக்கும் நீண்ட வழவழப்பான நடை உண்டு. கையில் எடையே தெரியாது.

*பொருள்.* கெட்டிப் பெட்டிகளில் பாலிபுரொப்பிலீன், பாலிகார்பனேட் இரண்டும் அடிபட்டால் வளைந்து மீளும். விலை குறைந்த ஏ.பி.எஸ். சில சமயம் விரிசல் விடும். துணிப் பெட்டி நெருக்கமான இடத்தில் நுழையும், வெளிப்பையில் தண்ணீர் பாட்டிலும் டிக்கெட்டும் வைக்கலாம்; ஆனால் ஜூன், ஜூலைச் சாரலில் நனையும். ஆனைமலை, வால்பாறைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் உறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

*உதிரி அச்சு.* சக்கரம் திருகாணியால் பூட்டப்பட்டிருந்தால் மாற்றலாம். ரிவெட் அடித்திருந்தால் அறுத்துத்தான் மாற்ற வேண்டும். டவுன்ஹால், காந்திபுரம் பக்கம் பை, சூட்கேஸ் பழுது பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு சக்கரம் போனதற்காகப் பெட்டியைக் குப்பையில் போடுவதற்கு முன் அவர்களிடம் காட்டுங்கள். பாலியூரித்தேன் சக்கரங்கள் சத்தமில்லாமல் ஓடும். ஆனால் ஈரக்காற்றில் பல வருடம் பரணில் கிடந்தால், பழைய ஷூ அடிப்பாகம் போல உதிர்ந்துவிடும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே இறக்கி, எடை வைத்து, நம் வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ரயில் நிலையத்தில் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

வழியின் வேலை

நம் ஊரில் டி.பி. ரோடு, ரேஸ் கோர்ஸ் போன்ற இடங்களில் நடைபாதைகள் சீராகியிருக்கின்றன; பெட்டியும் உருளும், சக்கர நாற்காலியும் உருளும், குழந்தை வண்டியும் உருளும். ஆனால் ஒருவர் பயணத்தின் முதல் 200 மீட்டரும் கடைசி 200 மீட்டரும் நம் வளாகத்துக்குள்தான் இருக்கின்றன. அதற்கு மாநகராட்சியையோ ரயில்வேயையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை.

நம் பிளாக் வாசல்களில் உள்ள படிகளை ஒருமுறை பாருங்கள். லிஃப்ட் வரை போக மூன்று படி. பேவர் பிளாக் வேர் தூக்கி எழும்பிய இடங்கள். கேட் அருகே மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி மூடி. அதன் இடைவெளிகள் பெட்டிச் சக்கரம் சரியாக விழும் அகலம். விடிகாலையில் நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்திறங்குபவர்களின் பெட்டிகள் தடதடவென்று உருளும் சத்தத்தைப் பற்றிப் புகார் வருகிறது. பெட்டி சத்தம் போடவில்லை, தரை போடுகிறது.

பெட்டி ஒரு அடையாளம்தான். அது ஏற முடியாத படியில் வாக்கர் வைத்து நடக்கும் பெரியவரும் ஏற முடியாது. மூட்டு வலியால் வெளியூர்த் திருமணத்துக்குப் போவதையே விட்டுவிட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ரயிலோ பஸ்ஸோ அவர்களைத் தடுக்கவில்லை. வீட்டு வாசலில் இருக்கும் அந்த மூன்று படிதான் தடுத்தது.

அடுத்த பொதுக்குழுவுக்கு மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒவ்வொரு பிளாக்கிலும் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம், 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம் என்ற கணக்கில், அதாவது 12க்கு 1 சரிவு, கைப்பிடியோடு. வடிகால் மூடிகளில் கம்பிகள் நடை திசைக்குக் குறுக்காக, நெருக்கமாக அமையும்படி மாற்றம். எழும்பிய பேவர் பிளாக்குகளை மழைக்காலத்துக்கு முன் சமன்படுத்துதல். மூன்றும் பெரிய செலவு இல்லை.

அந்தக் காலத்தில் ஊர்க்காரர்கள் முகம் தெரியாத வழிப்போக்கருக்காகத் தோள் உயரத்தில் கல் நட்டார்கள். நாம் நடப் போவது அடுத்த வீட்டுப் பெரியவருக்கு, அரையடி உயரம் ஏற ஒரு சாய்தளம். பொதுக்குழுவுக்கு வரும்போது உங்கள் பிளாக்கின் வாசல் படிகளை எண்ணிக்கொண்டு வாருங்கள்.